கொல்லிமலை வண்டிக்குக் கரண்டு ஃபேன் வைத்தது

எனக்கு எழுதச் சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் நடந்தது பின்னால் வந்திருக்கும், சிலது மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சொல்லிவிட வேண்டும் என்று பல வருஷமாக மனசில் இருக்கிற ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றோ நான்கோ இருக்கும். நாங்கள் இருந்தது நாமக்கல் பக்கம். என் வீட்டுக்காரர் கல்யாணமானதிலிருந்து ஒன்பது வருஷம் லைன் லாரி ஓட்டினார். பம்பாய், கல்கத்தா என்று போனால் வருவதற்கு இருபது நாள் ஆகும், சில சமயம் ஒரு மாசம் ஆகும். வந்தால் இரண்டு நாள் இருப்பார். ஒரு தடவை வாசலில் வந்து நின்றபோது எங்கள் சின்ன மகள் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்து, “அம்மா, யாரோ வந்திருக்காங்க” என்றாள். அவர் காதில் விழுந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

அதற்குப் பிறகுதான் அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பை வாங்கினார்கள். பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, நாமக்கல் பட்டறையில் கொடுத்துப் பலகை அடித்துப் பாடி கட்டி, அதைப் பிக்கப் வண்டி ஆக்கினார்கள். பெட்ரோல் இன்ஜினையும் எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்தார்கள். கொல்லிமலைச் சந்தைக்கு அரிசி, உப்பு, கருவாடு, முட்டை ஏற்றிக்கொண்டு போவது, வாழைத்தாரும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு இறங்குவது. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். கைகால் கழுவிவிட்டு வந்து, “இன்னைக்கு என்ன குழம்பு?” என்று கேட்கிற ஆளாக அவரை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

ஆனால் வண்டி மலையேறாது. அடிவாரத்திலிருந்து மேலே போக எழுபது வளைவு என்பார்கள். இருபதாவது வளைவுக்குள் கொதித்துவிடும். இன்ஜினை மாற்றியதால் அதன் ஃபேன் ரேடியேட்டருக்கு நேராக உட்காரவில்லை. நாலு விரல் கீழே, ஒரு சாண் தள்ளி, எங்கேயோ பார்த்துக்கொண்டு சுற்றியது. அதனால் என்னையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வருவேன். வண்டி நின்றால் குதித்து இறங்கி டயருக்குப் பின்னால் கட்டை போட வேண்டும், பிறகு கேன் தண்ணியை முன்னால் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அவர் சாக்கைப் போட்டு மூடியைத் திறப்பார், கொதிதண்ணி பனை உயரத்துக்குப் பீறிட்டு அடிக்கும். ஒருநாள் அவர் முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

அந்த வாரம் மூத்தவர் வீட்டுக்கு வந்தார். மூத்தவர் என்றால் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் முன்னால் நான் நிற்கவும் மாட்டேன், நேராகப் பேசவும் மாட்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான் வழக்கம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் பேசியதைக் கேட்டேன்.

“தம்பி, நாம போய்ச் சேர்றதுக்குள்ள சந்தையே கலைஞ்சு போகுது. முட்டையெல்லாம் வெயில்ல கெடுது. இன்னொருக்கா நடுமலையில நின்னுதுன்னா வண்டிய வித்துப்போடலாம். நீ பழையபடி லைனுக்கே போயிரு. லாரிக்காரர் ஒருத்தருகிட்ட சொல்லி வெச்சிருக்கறேன், டிரைவர் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

இவர், அதாவது என் வீட்டுக்காரர், “சரிங்கண்ணா” என்றார்.

எனக்கோ, மறுபடியும் மாசக்கணக்கில் போய்விடுவாரே என்று இருந்தது. யாரிடம் சொல்வது?

சேலத்தில் பழைய லாரிச் சாமான் விற்கிற பாய் ஒருவரை இவருக்கு லைன் ஓட்டின காலத்திலிருந்தே பழக்கம். அவரிடம் வண்டியைக் கொண்டு போனோம். வழியில் தண்ணி ஊற்ற ஆள் வேண்டுமே, நானும் போனேன். பாய் குனிந்து பார்த்தார்.

“ஏன் தம்பி, இந்த ஃபேன் யாருக்கு வீசுது? ரோட்டுல போற நாய்க்கா?”

“அதானுங்க பாய். வேற வழி இருக்குதுங்களா?”

“இருக்கு. இதைக் கழட்டி எறிஞ்சிட்டு, கரண்டு ஃபேன் வெச்சிரலாம்.”

கரண்டு ஃபேன் என்றால் வீட்டு மேலே தொங்குகிறது என்றுதான் எனக்குத் தெரியும். பாய் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். ஏதோ வெளிநாட்டுக் கார் உடைத்தபோது வந்ததாம். சோற்றுத் தட்டு அகலம் இருந்தது. நடுவில் தேங்காய் மூடி அளவில் ஒரு மோட்டார், அதிலிருந்து இரண்டு ஒயர். இது போய் அந்த இன்ஜினை ஆற்றுமா என்று நினைத்தேன்.

பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு நட்டநடுவே, முதுகோடு ஒட்டினாற்போல் இதைப் பட்டை அடித்து மாட்டினார். பேட்டரியைப் பெரிசாக மாற்றினார். ரேடியேட்டர் அடியில் வெங்காயம் மாதிரி ஒரு பித்தளைச் சாமானைத் திருகினார். சூடு ஏறினால் அதுவே சுவிட்சைப் போடும், ஆறினால் அதுவே அணைத்துவிடும் என்றார். அன்றைக்குப் பூராவும் ஆனது. இன்ஜினை ஓட விட்டார்கள். ஃபேன் சும்மா இருந்தது.

“சுத்தலீங்களே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

பாய் சிரித்தார். “சித்த பொறு தங்கச்சி. அதுக்குப் பசிச்சாத்தான் எந்திரிக்கும்.”

சொல்லி வாய் மூடவில்லை, விர்ரென்று எழுந்தது. யாரும் தொடவில்லை. இறக்கை கண்ணுக்கே தெரியவில்லை, புகை மாதிரி ஒரு வட்டம்தான் தெரிந்தது. அப்புறம் பாய் இன்ஜினை நிறுத்தினார். வண்டி செத்த மாதிரி நின்றுவிட்டது. ஃபேன் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறவன் இல்லை, சாவி இல்லை, இன்ஜின் சத்தம் இல்லை, உள்ளே யாரோ கண் விழித்து உட்கார்ந்து காரியம் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சூடு ஆறினதும் அதுவே நின்றது. நான் என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டதை யாராவது பார்த்தார்களா என்று அப்புறம்தான் வெட்கம் வந்தது.

மறுநாள் சந்தைக்குப் போகிற அன்றைக்கு வண்டிக்குப் பூஜை போட்டோம். சரக்கு ஏற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தார்கள், ஃபேன் சுற்றியது. நான் வண்டிக்கு முன்னால் நின்று தட்டில் சூடத்தைக் கொளுத்திக் காட்டினேன். சுடர் வண்டிக்கு எதிர்ப்பக்கம், என்னைப் பார்த்துச் சாய்ந்தது. மூத்தவருக்கு ஒரே சந்தோஷம்.

“பாத்தியாடா, சாமி நம்ம பக்கம் பாக்குது. இனி நிக்காது.”

எல்லோரும் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். நானும் ஒற்றிக்கொண்டேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. மூத்தவரும் கூடவே முன்னால் ஏறிக்கொண்டார், கண்ணால் பார்க்க வேண்டும் என்று. நான் வழக்கம்போல் பின்னால்.

ஏழாவது வளைவிலேயே கொதித்துவிட்டது. முன்பெல்லாம் இருபதாவது வரைக்குமாவது போகும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் நாங்கள். நான் இறங்கிக் கட்டை போட்டேன். மூத்தவர் கீழே இறங்கி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“திருப்புடா தம்பி. போதும்.”

இவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் தண்ணிக் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். இன்ஜின் நின்றும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கேனைக் கீழே வைக்கக் குனிந்தபோது முகத்தில் சுளீரென்று அனல் அடித்தது, அடுப்பு வாயில் குனிந்தமாதிரி. முந்தானை என் பக்கமாகப் பறந்தது. எனக்குக் காலையில் சுடர் சாய்ந்தது நினைவுக்கு வந்தது. காத்து வண்டிக்குள்ளே போக வேண்டியது, வெளியில் அல்லவா வருகிறது! வண்டி முன்னால் போகப் போக எதிர்காத்து உள்ளே தள்ளும், இந்த ஃபேன் அதை வெளியே தள்ளும். நெல் தூற்றுகிறவளுக்கு இது தெரியாதா? இரண்டு காத்தும் மோதிக்கொண்டு நடுவில் நின்றுவிட்டது. அதனால்தான் முன்பைவிட மோசம்.

தெரிந்துவிட்டது, சொல்ல வாய் வரவில்லை. மூத்தவர் நாலடி தள்ளி நிற்கிறார். அதுவும் சாமி பார்க்குது என்று அவரே சொன்னது. அதைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வது? அவர் ஏற்கெனவே “திருப்புடா” என்று இரண்டாம் தடவையும் சொல்லியாயிற்று. திரும்பினால் இவர் லைனுக்குப் போய்விடுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு இவரிடம் போய்ச் சொன்னேன்.

“ஏனுங்க, ஃபேன் தப்பா வீசுதுங்க. உள்ள இழுக்காம வெளிய ஊதுது. வந்து கையை வெச்சுப் பாருங்க.”

“உனக்கென்ன தெரியும் புள்ள, பேசாம இரு.”

மூத்தவர் என்னைப் பார்க்காமல், மலையைப் பார்த்தபடியே கேட்டார். “அம்மிணி என்னவாம்?”

“ஃபேன் வெளிய ஊதுதாமுங்கண்ணா.”

“ஊதுனா? சூடமே சொல்லிப்போட்டுது, அப்புறம் என்ன?”

நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “சூடம் அந்தக் காத்துலதானுங்க சாஞ்சுது” என்றேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அத்தனை சத்தமாக நான் பேசியதில்லை.

இவர் இறங்கி வந்தார். கையை வைத்தார். முகம் மாறியது. தோளில் இருந்த துண்டை எடுத்து முன்னால் பிடித்தார். துண்டு எங்களைப் பார்த்துப் படபடவென்று அடித்துக்கொண்டது. அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

பிறகு இவர் டேப்பைப் பிரித்து, மோட்டாரிலிருந்து வந்த இரண்டு ஒயரையும் அவிழ்த்து, இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றி முறுக்கினார். வெறும் இரண்டு ஒயர்தான். ஃபேன் மறுபடி சுற்றியது. இவர் துண்டைப் பிடித்தார். பட்டென்று இழுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் அப்பிக்கொண்டது. கையை எடுத்தார், துண்டு கீழே விழவில்லை. ஆணி அடித்த மாதிரி அப்படியே நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சாதாரணத் துண்டு. காத்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

மூத்தவர் மெதுவாக, “ஏறு, போலாம்” என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. கேன் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு மூவரும் ஏறினோம்.

நான் மூட்டை மேல் உட்கார்ந்து வளைவை எண்ணிக்கொண்டு வந்தேன். இருபது, முப்பது, நாற்பது. ஒவ்வொரு வளைவிலும் இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று கட்டையை மடியிலேயே வைத்திருந்தேன். ஐம்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. கீழே சமவெளி பூராவும் தெரிந்தது. வயலும் குளமும் ரோடும் கோலம் போட்ட மாதிரி கிடந்தன. எத்தனையோ தடவை அந்த மலைக்குப் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் கீழே எட்டிப் பார்த்தேன். அதற்கு முன்னால் எனக்குத் தண்ணிக் கேனைத் தவிர வேறொன்றும் கண்ணில் பட்டதில்லை. இத்தனை உயரத்திலா நாம் இருந்தோம் என்று மலைத்துப்போனேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது சந்தை அப்போதுதான் கூடிக்கொண்டிருந்தது. ஏழாவது வளைவில் ஊற்றிய ஒன்றைத் தவிர மற்றக் கேன் மூன்றும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தன. மூத்தவர் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு வாழைத்தார்க்காரர்களைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்.

“தம்பி, அந்த லாரிக்காரருகிட்ட நானே சொல்லிப்போடறேன், ஆளு வரமாட்டாருன்னு. வேற டிரைவரைப் பாத்துக்கட்டும்.”

இவர் “சரிங்கண்ணா” என்றார். போன தடவை சொன்ன அதே சொல்தான். அப்புறம் என்னைப் பார்த்து, “ஏன் புள்ள, முட்டைக் கூடையை இறக்கு, நின்னுக்கிட்டே இருக்கற” என்றார். நான் இறக்கினேன்.

பாயிடம் பிறகு இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். வெளிநாட்டு மோட்டாரில் ஒயர் நிறம் வேறு மாதிரி, தான் கவனிக்கவில்லை என்றார். அந்த வண்டியை ஆறு வருஷமோ ஏழு வருஷமோ வைத்திருந்தோம். இவர் லைனுக்குப் போகவே இல்லை.

ஒயரை மாற்றினால் ஃபேன் திசை மாறிச் சுற்றும் என்று நான் எழுதியிருப்பது எல்லா மோட்டாருக்கும் பொருந்துமா, அந்த வண்டிக்கு மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. ஏழாவது வளைவு என்று சொன்னதும் எட்டாவதாக இருக்கலாம். மோட்டார் வேலை தெரிந்தவர்களோ, அந்தக் காலத்தில் கொல்லிமலைக்கு வண்டி ஓட்டினவர்களோ இதைப் படித்தால், தப்பு இருக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுச் சரியானதை எழுதிவிடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் இவர் இப்போது இல்லை.