அம்மாவின் அளவுக்குச் செய்த பல்

போன வருடம் நத்தார் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வெள்ளவத்தையில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குப் பல் வலித்தால் கழற்றுவதுதான் வைத்தியம். அப்படிக் கழற்றிக் கழற்றி, வலப்பக்கம் மெல்லுவதற்கு ஒரேயொரு கடைவாய்ப்பல்தான் மிச்சம். அதுவும் பாதி உடைந்திருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

டொக்டர் எல்லாவற்றையும் என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். வேர் நன்றாக இருக்கிறதாம். சொத்தையைச் சுரண்டி, அச்சு எடுத்து அனுப்பினால், உடைந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ‘ஒன்லே’ என்ற பீங்கான் துண்டு செய்து வரும். அதை ஒட்டினால் பல் நீண்ட காலம் நிற்குமாம். அன்றே அச்சு எடுத்து, அது வரும்வரைக்கும் தற்காலிகமாக அடைத்துவிட்டார்.

வெளியே வரும்போது வரவேற்பு மேசைப் பெண், “மிஸ் மாதிரி ஆக்கள் இப்ப குறைவு. இந்த அம்மாவுக்கு இவ்வளவு செய்யிறீங்களே” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில நாட்களில் அந்த அடைப்பு கழன்று விழுந்துவிட்டது. நான் வேலையில் இருந்ததால் அம்மா எனக்குச் சொல்லவில்லை. தனியாகவே பஸ் ஏறிப் போயிருக்கிறார். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு இருந்தார்.

“கழட்டிப்போட்டன் மகள்.”

“ஐயோ, ஏனம்மா? கிளினிக்குக்குப் போயிருக்கலாமே!”

“போனனான். உன்னோட வரட்டாம் எண்டு அனுப்பிப்போட்டாங்க. பல்லுக்குத்துத் தாங்கேலாமப் போச்சு. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் நான்தான் கழட்டச் சொன்னனான். அங்க ஒருத்தரும் ஆரோட வந்தனீ எண்டு கேக்கேல்ல.”

மறுநாள் கிளினிக்கில் போய்ச் சத்தம் போட்டேன். மேசைப் பெண் பதறிப்போனாள்.

“கோவிக்காதீங்க மிஸ். உங்கட வீட்டில வேலை செய்யிற அம்மா வந்தவதான். மிஸ் இல்லாம எப்பிடி உள்ள விடுறது?”

“அவ என்ர அம்மா.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாத அந்த ஆச்சரியம்தான் என்னைச் சுட்டது. அம்மாவோடு வந்த அன்று கேட்ட பாராட்டு எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. சத்தம் கேட்டு வந்த டொக்டர், திரும்ப அடைப்பது ஐந்து நிமிட வேலைதானே என்று வருத்தப்பட்டார். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.

ஒன்லே அன்றுதான் வந்திருந்தது. சின்னப் பெட்டியில் போட்டு மரியாதையாக என் கையில் தந்தார்கள்.

வீட்டில் அம்மா அதை விரலால் உருட்டிப் பார்த்தார். “வடிவாத்தான் செஞ்சிருக்கிறாங்க” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு, இடியப்ப மாவைக் குழைக்கப் போய்விட்டார்.

அது இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. உலகத்தில் எந்த வாய்க்கும் பொருந்தாது. இப்போது எங்கே போனாலும், யாரும் எதையும் நினைப்பதற்கு முன் “இது என்ர அம்மா” என்று நானே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் இன்றுவரை கசக்கிறது.