இரண்டாவது ஹாரன்

ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை எனக்கு. எங்கள் மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துத்தான் வருவார்கள். சத்தத்தை வைத்தே யார் லாரி என்று சொல்லிவிடுவோம்.

என் மகள் செல்விக்குப் பதினேழு வயது. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவரும் மோகனுக்குக் கட்டிவைக்கலாம் என்று பேசியிருந்தோம். எங்கள் லைன் வீடுகளின் முனையில் அவன் ஹாரன் அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

“மாப்பிள கூப்பிட்டா கால் தரையில நிக்காதுலா!” என்று கேலி செய்வேன்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். ஹாரன் கேட்டு எழுந்தவளுக்குக் கதவுக் கொக்கியைத் திறக்க முடியவில்லை.

“படும்மா, நான் போய்ச் சொல்றேன்.”

“வேணாம்பா! ரெண்டாவது ஹாரனுக்குள்ள போகலன்னா அடிப்பான். போன வாரம் லாரிக் கதவப் பூட்டிட்டான். கத்துனேன், கழுத்தப் புடிச்சிட்டான்.”

சுவெட்டரை விலக்கினாள். விரல் விரலாக நீலம்.

இரண்டாவது ஹாரன் அடித்தது. கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். அவன் வந்து கதவை உதைத்தான். அக்கம்பக்கத்தார் கூடிய பிறகுதான் போனான். கல்யாணப் பேச்சு அன்றோடு முடிந்தது.

இப்போது லைனில் எந்தப் பிள்ளை ஹாரன் கேட்டு ஓடினாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முகத்தைப் பார்த்து, “போக இஷ்டமாம்மா?” என்று கேட்டுவிடுகிறேன்.