மேசையில் கிடந்த டிஸ்க்

பேய்க்கதை என்று யாராவது தொடங்கினால் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். இயந்திரம் பிழைத்தால் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்றும் தெரியும். நள்ளிரவுகூட இல்லை. லிங்கநகரில் எங்கள் வீட்டில், வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது.

என் மகள் தாரணி பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். கட்டைபறிச்சானுக்குப் போய்ப் போய் மீனவப் பெண்களின் பேச்சைப் பதிவுசெய்து, எல்லாவற்றையும் வீட்டுக் கணினியில் வைத்திருந்தாள். லினக்ஸில் நானே அமைத்தது அது. லினக்ஸ் தனியே ஒரு பென் டிரைவில். தகவல் மட்டும் இரண்டு டிஸ்க்குகளில் ஒரே மாதிரி எழுதப்படும், RAID என்பார்கள், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். அந்த நம்பிக்கையில் அவள் வேறெங்கும் பிரதி வைக்கவில்லை. திங்கட்கிழமை ஆய்வை ஒப்படைக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அந்த வாரம்தான் ஒரு டிஸ்க் செத்தது, மிஞ்சியதும் டக் டக் என்று தட்டத் தொடங்கியது.

"உங்களை நம்பித்தானே அம்மா வைச்சனான்," என்றாள்.

ஓர்ஸ் ஹில்லில் கடை வைத்திருக்கும் றிபாஸிடம் புது டிஸ்க் வாங்கினேன். இப்போது வருகிற வகை, விரல் நீளப் பட்டை, கணினியின் மதர்போர்டிலேயே செருகவேண்டும். செருகினால், கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில் தெரிகிறது, லினக்ஸுக்குள் போனால் காணவில்லை. பழுதானதைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுப்பதற்காக அதைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். தாரணி அழுது களைத்து அறைக்குள் படுத்திருந்தாள்.

தட்டிக்கொண்டிருந்த பழைய டிஸ்க்கை மட்டும் வைத்துக் கணினியைப் போட்டேன், கிடைத்ததையாவது எடுக்கலாம் என்று. ஒரு பதிவும் திறக்கவில்லை. டிஸ்க்குகளின் நிலையைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு U, இல்லாததற்கு வெறும் கோடு. U, பக்கத்தில் கோடு, சரி. ஆனால் அதற்குக் கீழே, இரண்டாவது டிஸ்க்குக்குப் பிரதி போய்க்கொண்டிருப்பதாகச் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது.

எந்த இரண்டாவது? அது மேசையில் கிடக்கிறதே, ஒரு வயரும் இல்லாமல்! இன்டர்நெட் வழியாக யாரோ உள்ளே புகுந்துவிட்டான் என்றுதான் முதலில் சந்தேகம். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். சதவீதம் நிற்கவில்லை. மேசையில் இருந்ததைத் தொட்டேன், நம்பினால் நம்புங்கள், சுட்டது. நூறு வந்ததும் கோடு இருந்த இடத்தில் இரண்டாவது U வந்தது. அந்தக் கணமே பழைய டிஸ்க்கின் தட்டல் நின்றது. பிறகு அது சுற்றவேயில்லை.

தாரணி எழுந்து வந்தாள். "என்னம்மா, சத்தம் நிண்டிட்டுது?" மேசையில் கை வைத்தவள் உடனே எடுத்தாள். "சுடுதே! இதை எதிலை போட்டனீங்கள்?"

றிபாஸுக்குப் போன் எடுத்து, புது டிஸ்க் லினக்ஸில் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"டீச்சர், அமைப்புத் திரையில RAID எண்டு போட்டு வெச்சிருக்கிறீங்களா?"

"ஓம், எனக்கு அதுதானே தேவை?"

சிரித்தான். "அது போர்டுட RAID. உங்கட RAID-ஐ லினக்ஸ் பாத்துக்கொள்ளும். போர்டு இந்தப் புது டிஸ்கை ஒளிச்சு வெச்சிருக்கு, பழைய லினக்ஸுக்கு அதைத் தேடத் தெரியாது. AHCI எண்டு மாத்துங்க. நானும் இதோட ஒரு நாள் மாரடிச்சவன்தான்."

டிஸ்க்கைத் திரும்பச் செருகி மாற்றினேன். தெரிந்தது. தெரிந்ததோடு, எல்லாப் பதிவுகளும் அதில் இருந்தன. தாரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். பட்டியலைப் பார்த்துக்கொண்டே போனவளின் முகம் திடீரென்று மாறியது.

"இதை நான் போன மாசமே அழிச்சனான்."

பெயரில்லாத ஒரு பதிவு.

"நீங்கள் முந்தியே கொப்பி எடுத்து வைச்சிருக்கிறீங்கள். அதைப் போட்டுக் கேட்டனீங்களா?"

"சத்தியமா இல்லை, பிள்ளை."

"அப்ப இது எங்காலை வந்தது?"

எனக்குத் தெரியாது. அதில் என்ன இருந்தது என்றும் தெரியாது. என் முன்னாலேயே அழித்தாள். திங்கட்கிழமை ஆய்வை ஒப்படைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒன்றும் வைப்பதில்லை, போனைக் குளியலறைக்கும் கொண்டுபோகிறாள்.

பழைய டிஸ்க்குகளை றிபாஸிடம் கொடுத்துவிட்டேன். கணினிக்குள் இப்போது இருப்பது ஒரே ஒரு டிஸ்க், டோர்ச் அடித்தும் பார்த்தேன். ஆனால் திரை இன்றைக்கும் இரண்டு U காட்டுகிறது. அவள் அழித்த பதிவு அந்த மற்றதில் இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது என்று நினைத்தால் நித்திரை வருவதில்லை.

போன கிழமை பல்கலைக்கழகத்தில் இருந்து போனில் பேசினாள். "கொப்பி எடுத்து வைச்சிருக்கிற மற்ற டிஸ்க்கைத் தந்திடுங்கோ அம்மா, நான் சண்டை பிடிக்கமாட்டன்."

"அப்பிடி ஒண்டு இல்லையே, பிள்ளை."



"பொய் சொல்லாதேங்கோ. உங்களுக்குப் பின்னாலை அது தட்டுறது எனக்கு இங்கை கேக்குது."

திரும்பிப் பார்த்தேன். கணினியை நிறுத்தியிருந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.