கவுஞ்சி ஓடையில் அவர் பெயரில் தந்த முகக்கவசங்கள்

என் கணவர் கொரோனாவில் இறந்த ஆண்டு, அவர் பெயரை அச்சிட்டு நாற்பது பெட்டி முகக்கவசம் கொடைக்கானல் மலையிலுள்ள கவுஞ்சி ஊராருக்கு அனுப்பினேன். அந்த மலையில் ஒன்பது ஆண்டுகள் வேளாண் அலுவலராக இருந்தவர் அவர். அந்தப் பெட்டிகள் இன்னும் பயன்படுவதாகப் போன மாதம் அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். நோய் போன பிறகு எதற்கு? நேரில் பார்க்க, அவர் நினைவு நாளை ஒட்டி இந்த மே மாதம் கிளம்பினேன்.

பழனியில் காலை 6.10 பேருந்து. கொடைக்கானல் 64 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், எண்பது ரூபாய். அவர் இருந்தவரை ஜன்னலோரத்துக்கு எங்களுக்குள் வழக்கு நடக்கும். இப்போது கேட்காமலே கிடைக்கிறது. கொடைக்கானலில் 10.15க்குக் கவுஞ்சி பேருந்து. இரண்டு மணி நேரம். பூண்டு வாங்கவா போகிறீர்கள் என்று நடத்துநர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெட்டிகளை ஊருக்காக வைத்திருக்கும் விவசாயி முத்தம்மாளின் படிக்கட்டு வயலில் கேரட் போட்டிருந்தார்கள். என் கணவரைப் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். எனக்கு நிறைவாக இருந்தது. பிறகு என்னை ஓடைக்கு அழைத்துப் போனார். வயலுக்குத் தண்ணீர் இழுக்கும் குழாயின் வாய் ஓடைக்குள் கிடந்தது. அந்த வாயில், காதுக் கயிறு இரண்டையும் இறுக்கி, ஒரு நீல முகக்கவசம் கட்டியிருந்தது.

"ஸ்பிரிங்ளர் போடச் சொன்னது ஐயா. அது மண்ணு அடைக்காமக் காக்குறது ஐயா பேர்ல வந்த மாஸ்க்கும்மா. ரெண்டு நாளைக்கு ஒண்ணு மாத்துவோம்."

பழையதை என்ன செய்வீர்கள் என்றேன்.

"தண்ணியில விட்டா அது சோலியப் பாத்துக்கிட்டுப் போயிருது."

சொல்லிக்கொண்டே பழையதை அவிழ்த்து விட்டார். அது பாறையைச் சுற்றிப் போய் மறைந்தது. இந்த ஓடை அமராவதிக்குப் போகிறது, அமராவதி காவிரிக்கு, காவிரி கடலுக்கு. துணி போலத் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக் இழை. மட்காது, பொடியாகி மீன் வயிற்றுக்குப் போகும். பெட்டியின் பக்கவாட்டிலேயே என்ன பொருள் என்று அச்சிட்டிருக்கிறது. எதையும் படிக்காமல் வாங்குகிறவள் அல்ல நான். அந்த ஆண்டு படிக்கவில்லை.

மீதி எவ்வளவு என்று கேட்டேன். ஆறு பெட்டி. பேசாமல் திரும்பியிருக்கலாம், அவர் பெயர் அங்கே நல்ல பெயராகவே இருந்திருக்கும். ஆனாலும், அவற்றைத் திருப்பித் தர முடியுமா என்றேன். காரணத்தையும் சொன்னேன். பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டலாமே என்றேன்.

"வேட்டியின்னா தெனம் அலசணும். அலச நீங்க வருவீங்களாம்மா?"

நியாயமான கேள்வி.

வீட்டுக்குத் திரும்பியதும் உள்ளே போய்ப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். என் கையில் தரவில்லை, வாசற்படியில் வைத்தார்.

"செத்தவுக பேர்ல குடுத்தத யாரும் திரும்பக் கேட்டு நான் பாத்ததில்லம்மா."

நானும் பார்த்ததில்லை. நிறுத்தம் வரை யாரும் உடன் வரவில்லை.

போகிறவர்களுக்கு: கவுஞ்சியிலிருந்து திரும்பும் பேருந்து 2.40. அதை விட்டால் ஜீப்தான். மே மாதத்தில் காருக்கு இ-பாஸ் வேண்டும், பேருந்துக்கு வேண்டாம். மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

யார் பெயரிலாவது எதையாவது மொத்தமாகக் கொடுத்திருந்தால், ஒருமுறை போய் அது என்ன ஆனது என்று பாருங்கள். நான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்க வேண்டும். அப்போது கேட்டிருந்தால் முப்பது பெட்டியாவது கிடைத்திருக்கும்.