இரண்டாவது மாடிக் கடல்

டயாலிசிஸ் பிரிவில் அவளை எல்லோரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்த நோயாளிகளுக்கும் அவள் அக்காதான். சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்கு அனுப்பும் மெஷின்கள் அந்த ஹாலில் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று கத்தத் தொடங்கினால் நர்சுகள் தலையைத் திருப்புவதற்குள் அக்கா அங்கே நிற்பாள். பதறமாட்டாள். ஒரு குழாயை நீவிவிடுவாள், ஒரு கிளிப்பைத் தளர்த்துவாள். நோயாளியின் தோளைத் தட்டி, "ஒண்ணுமில்ல, உங்கள மாதிரி இதுக்கும் அப்பப்ப கோவம் வருது" என்பாள். அவளுடைய பொறுமையைப் புகழ்கிறவர்கள் யாரும் அவள் வீட்டுக்கு வந்ததில்லை.

ஒரு கண் மருத்துவமனையில்தான் அந்த ஆசை அவளைப் பிடித்தது. கண்ணாடியின் பவரைப் பார்க்கப் போனவள், காத்திருப்பு அறையின் சுவரோரம் இருந்த கடல்நீர்த் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். மீன்கள் அவள் கண்ணில் படவே இல்லை. பாறைமேல் ஒட்டிக்கொண்டு, பச்சையும் ஊதாவுமாக, யாரோ மெல்ல ஊதிவிடுவதுபோல அசைந்துகொண்டிருந்த பவளங்களையே பார்த்தாள். அவளுடைய டோக்கனை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். "கண்ணு தெரியலன்னுதானே வந்தீங்க, காதுமா கேக்கல?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

வீட்டில் அதைச் சொன்னபோது கணவன் மறுக்கவில்லை. அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் ஊறிவிட்டு வருவதால் வீட்டுக்குள் குரலை உயர்த்தமாட்டான். "சத்தம் போடாதுன்னா வாங்கிக்கோ" என்றான்.

"தண்ணி என்ன சத்தம் போடும்?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு எத்தனை முறை அந்தச் சொல்லை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

பவளத்தொட்டி என்பது உண்மையில் இரண்டு தொட்டி. மேலே பார்ப்பதற்கு ஒன்று. அதன் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இன்னொரு தொட்டிக்கு இறங்கி, அங்கே அழுக்கு நீங்கி, பம்ப் மூலம் திரும்ப மேலே ஏறும். அந்தக் கீழ்த்தொட்டிக்கு சம்ப் என்று பெயர். அதையும் பம்பையும் கண்ணில் படாமல் ஸ்டாண்டுக்குள் மறைத்துவைப்பார்கள். ரத்தத்தை எடுத்து, சுத்தம் செய்து, திருப்பி அனுப்புகிறவளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. இதுகூட எனக்கு வராதா என்று நினைத்தாள்.

ஸ்டாண்டு செய்யும் வேலை அண்ணனிடம் போனது. அண்ணன் இரும்பு கேட், ஜன்னல் கிரில் எல்லாம் செய்கிற வெல்டிங் பட்டறைக்காரன். தங்கைக்கு நாற்பது தாண்டியும் அவனுக்கு அவள் பாப்பாதான். அக்கா ஒரு தாளில் படம் வரைந்து, அளவெல்லாம் மில்லிமீட்டரில் குறித்து, பட்டறைக்குப் போய்க் கொடுத்தாள். அவன் தாளைத் தலைகீழாக ஒருமுறையும் நேராக ஒருமுறையும் பார்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"கீழ சம்ப் வரும், அண்ணா. அதுக்குத் தகுந்த மாதிரி செய்."

"நீ தொட்டிய வாங்கு. ஸ்டாண்டு என் பொறுப்பு. யானையைத் தூக்கி வெச்சாலும் அசையாது."

அசையத்தான் இல்லை. ஸ்டாண்டை இரண்டாவது மாடிக்கு ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டு, சுவரில் ஒரு பெரிய கீறலைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தரை சாய்ந்திருந்தது. அதற்கு ரப்பர் துண்டு வைத்துச் சரிசெய்தார்கள். மேலே கண்ணாடித் தொட்டியை உட்காரவைத்து, எல்லோரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, டீ குடித்துக் கிளம்பினார்கள். மறுநாள் கண்ணாடிக் கடையிலிருந்து சம்ப் வந்தது. அதை உள்ளே தள்ளியபோதுதான் அக்கா பார்த்தாள். ஸ்டாண்டின் முன்பக்கம், சரியாக நடுவில், மேலிருந்து கீழ்வரை ஓர் இரும்புக் கால் நின்றது. அவள் வரைந்த படத்தில் அந்தக் கால் கிடையாது.

சம்ப்பைச் சாய்த்துப் பார்த்தாள். பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்தாள். பின்பக்கம் சுவர். பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நடுவுல எதுக்கு ஒரு கால் வெச்ச?"

"பலத்துக்கு."

"நான் கேட்டேனா?"

"கேக்காமலே செஞ்சேன் பாரு, அதான் அண்ணன்."

"அண்ணா, சம்ப் உள்ள போகல!"

"அப்ப சின்னதா வாங்கு." போனுக்குப் பின்னால் கட்டிங் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. "பாப்பா, கஸ்டமர் நிக்கறாங்க, அப்புறம் பேசறேன்."

அப்புறம் அவன் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இருவருக்கும் மூக்குக்கு மேல் கோபம். அண்ணன் வீட்டிலிருந்து அண்ணி மட்டும் நடுவில் ஒருமுறை கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்னு யாரும் டெஸ்ட் பண்ணிச் சொல்ல வேண்டாம்" என்றாள்.

வீம்புக்கு அக்கா சம்ப்பை ஸ்டாண்டுக்கு வெளியிலேயே, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் வைத்தாள். அவளைப் பிடித்த சனி அங்கிருந்துதான் தொடங்கியது. நேராக இறங்க வேண்டிய குழாய் இடதுபக்கம் திரும்பி, எல்போ என்கிற வளைவு இணைப்பு ஒன்றைப் போட்டுக் கீழே வந்து, இன்னொரு எல்போ போட்டு வெளியே நீண்டு போனது. ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு. பசை போட்டால் நாளெல்லாம் காய வேண்டும். காய்ந்ததும் திறந்துவிட்டால் வேறோர் இடத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். தப்பாக ஒட்டியதைப் பிரிக்க முடியாது, அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். மருத்துவமனையில் ஒரு துளி ரத்தம் சிந்தவிடாதவள், வீட்டில் கந்தல் துணியும் வாளியுமாக முழங்காலில் தவழ்ந்தாள். குழாய்க் கடைக்காரர் அவளைத் தூரத்தில் கண்டதுமே, "எல்போவா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

ஒருவழியாகக் கசிவு நின்றது. சத்தம் வந்தது. தண்ணீர் இறங்கும் குழாய், தொண்டை கட்டியவர் வாய் கொப்பளிப்பதுபோலக் கொப்பளித்தது. மேலே திரும்பி விழும் தண்ணீர் சளசளத்தது. கணவன் டிவியின் சத்தத்தை மட்டும் கூட்டிவைத்தான். அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இறங்கும் குழாயில் ஒரு வால்வு போட்டுக் கொப்பளிப்பை அடக்கினாள். சளசளப்பை நிறுத்த, மேலே ஏறி வரும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் ஆழமாக அமிழ்த்திவைத்தாள். வீடு அமைதியானது. "இப்பதான் நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றான் கணவன்.

அவளுடைய விடுமுறை நாள் மதியம் ஒன்றில் மின்சாரம் போனது. அக்கா நல்ல தூக்கத்தில் இருந்தாள். கதவு தட்டப்படும் சத்தத்தில் எழுந்து காலைக் கீழே வைத்தால், தரை முழுக்கத் தண்ணீர். கதவைத் திறந்தாள். கீழ்வீட்டு டீச்சர் நனைந்த விடைத்தாள் கட்டு ஒன்றைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு நின்றார்.

"மேல இருந்து சொட்டுது. பிள்ளைங்க இங்க் பேனாவுல எழுதின பேப்பர். யாரு பாஸ், யாரு ஃபெயில்னு எனக்கே தெரியல. ஆமா, இது என்ன தண்ணி? கையெல்லாம் பிசுபிசுங்குது."

"கடல் தண்ணிங்க, டீச்சர்."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டாவது மாடியிலயா?"

நடந்தது இதுதான். பம்ப் நின்றதும், ஆழத்தில் அமிழ்ந்திருந்த அந்தக் குழாயே மேல்தொட்டியின் தண்ணீரை எதிர்த்திசையில் உறிஞ்சிக் கீழே இறக்கிவிட்டது. சம்ப் நிரம்பி வழிந்துவிட்டது. குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துளை போட்டிருந்தால், மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து உறிஞ்சுவதை நிறுத்தியிருக்கும். அக்கா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழாய்க்குள் ஒரு குமிழி காற்று போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். காற்றை வேண்டுமென்று உள்ளே விட வேண்டும் என்று அவள் புத்திக்கு எப்படி எட்டும்? துணியைப் பிழிந்து பிழிந்து வாளியில் ஊற்றினாள். குழாய் அறுத்தபோது கையில் பட்ட புண்ணில் உப்பு ஏறி எரிந்தது. அந்த பம்பை, அந்தக் குழாயை, கண் மருத்துவமனையை, எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். கடைசியில் அண்ணனைத் திட்டும்போது அழுகை வந்துவிட்டது.

துளை போட்டாள். டீச்சர் வீட்டுக்குப் போய், நனைந்த தாள்களை மின்விசிறியின் கீழே ஒவ்வொன்றாகப் பரப்பி உலர்த்திக் கொடுத்தாள். ஆனாலும் நடைவழியில் கிடந்த சம்ப் அங்கேயேதான் கிடந்தது. அடுத்த வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பிய கணவன் அதன் குழாயில் இடறி விழுந்தான். கால் பெருவிரல் கத்தரிக்காய்போல வீங்கியது. அந்தக் காலால் பிரேக்கை மிதித்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று பள்ளியில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சொன்னான்: "மச்சான்கிட்ட நீ போறியா, இல்ல நான் நொண்டிக்கிட்டே போகட்டுமா?"

பட்டறையில் அண்ணன் ஒரு கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். தங்கையைக் கண்டதும் பிரஷைக் கீழே வைக்காமலேயே, "கால் எப்படி இருக்கு மாப்ளைக்கு?" என்றான். சேதி அண்ணி வழியாக முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"அந்தக் கால விடு. நீ வெச்ச காலப் பத்திப் பேச வந்தேன்." அக்கா மூச்சுவிடாமல் பேசினாள். எல்போ, பசை, டீச்சர், விடைத்தாள் எல்லாவற்றையும் கொட்டினாள். "கீழ சம்ப் வரும்னு உங்கிட்ட நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம் ஏன் வழிய அடச்ச?"

அண்ணன் பிரஷைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான். "சம்ப்புன்னா தரைக்கடியில தோண்டறதுதானே, பாப்பா? எல்லார் வீட்லயும் தண்ணிக்கு அதத்தானே கட்டறாங்க? ரெண்டாவது மாடியில இவ எங்க தோண்டப் போறான்னு எனக்கே யோசனையா இருந்துது."

"கேக்க வேண்டியதுதானே!"

"நீ கலெக்டர் மாதிரி படம் போட்டுக் குடுத்திருக்க. ஒண்ணும் புரியலன்னு எப்படிச் சொல்றது? கீழ வெறும் எடந்தானே, செருப்பு வெப்பேன்னு நெனச்சேன். அவ்ளோ தண்ணி உன் கால் மேல ஒடஞ்சு விழுந்துடக் கூடாதுன்னு ஒரு கால் சேத்துப் போட்டேன்."

சம்ப் என்றால் என்ன என்று அவனுக்கு அவளும் ஒரு வார்த்தை விளக்கவில்லை. கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. பெயின்ட் டப்பாவின் மூடியை எடுத்து, அதன் பின்பக்கத்தில் சாக்பீஸால் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பெட்டி வரைந்தாள். "இது மேல. இது கீழ. தண்ணி இப்படி எறங்கி இப்படி ஏறும். இப்பவாவது புரியுதா?"

"ஓ, இவ்ளோதானா!" என்றான் அண்ணன். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அவனை அந்தப் பிரஷாலேயே அடிக்கலாம்போல இருந்தது அவளுக்கு.

மீண்டும் எல்லாம் முதலிலிருந்து. தொட்டியைக் காலி செய்து, பாறைகளை உப்புநீர் வாளிகளில் போட்டு, ஸ்டாண்டை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். அண்ணன் நடுக்காலை அறுத்தான். அதற்குப் பதிலாக மேல்சட்டத்துக்கு அடியில் இன்னொரு கனமான இரும்புக் குழாயைக் குறுக்காக வைத்துப் பற்றவைத்தான். உப்பு அரிக்காமலிருக்க எபாக்சி பெயின்ட்டைப் பூச்சுமேல் பூச்சாக அடித்தான். சம்ப் உள்ளே போய் உட்கார்ந்தது. எல்போக்களில் பாதி குப்பைக்குப் போயின. குழாய் நேராக இறங்கியது. ஆனால் திரும்ப இறக்கும்போது அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நொண்டும் மாப்பிள்ளையும் நிமிர முடியாத மச்சானும் ஒரே சோபாவில் எதிரெதிர் மூலையில் சாய்ந்துகிடக்க, அக்கா தனியாக வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் பக்குவப்படச் சில வாரங்கள் ஆயின. பிறகு கடையிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சைப் பவளத்தை வாங்கி வந்து பாறைமேல் ஒட்டினாள். அது சுருங்கிக்கொண்டது. மறுநாளும் சுருங்கியே இருந்தது. உப்பின் அளவைப் பார்த்தாள், சூட்டைப் பார்த்தாள், எல்லாம் சரி. மருத்துவமனையில் ஒரு நோயாளி, "உங்க முகத்தப் பாத்தா என் ரிப்போர்ட் ஏதோ மோசம்னு தோணுது" என்று பயந்தேபோனார். அன்று கணவன் போனில் ஒரு படம் அனுப்பினான். மத்தியானம் ட்ரிப்புக்கு நடுவில் வீட்டுக்கு வந்தபோது எடுத்தது. பவளம் முழுக்க விரிந்து நின்றது. அடித்துப் பிடித்து மாலையில் வந்து பார்த்தாள். மூடிக்கொண்டுவிட்டது. மறுநாளும் அதே கதை. விளக்கு காலையில் தானாக எரிந்து மாலையில் தானாக அணையும்படி வைத்திருந்தாள். அவள் வேலைக்குப் போன பிறகு விரிந்து, அவள் வருவதற்குள் அது படுத்துவிடும்.

"இவ்ளோ பாடும் நான் படணும், நீங்க பாத்து ரசிக்கணும்" என்று கணவனிடம் எரிந்து விழுந்தாள்.

"உனக்கு ஷிஃப்ட் மாத்தறாங்க இல்ல? அந்த லைட்டுக்கும் மாத்திப் போடேன்."

அவள் போய் டைமரைத் திருப்பி, விளக்கு மதியம் எரியத் தொடங்கி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அணையும்படி வைத்தாள்.

பவளம் பழகிக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆயிற்று. அதன் பிறகு ஒரு மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அண்ணன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் மறைத்தபடி உட்கார்ந்திருந்தான். அக்கா பையைக்கூடக் கீழே வைக்காமல் அவன் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். பச்சை விரல்கள் ஒவ்வொன்றும் நீண்டு, தண்ணீர் போகும் பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தன. அவள் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.

"இது பூவா, பூச்சியா?" என்று கேட்டான் அண்ணன்.

"பூவும் இல்ல, பூச்சியும் இல்ல. அதுவும் ஒரு விலங்கு."

"வாய் இருக்கா?"

"இருக்கு. ஆனா பேசாது."

"அப்ப இந்த வீட்லயே ஒழுங்கானது அது ஒண்ணுதான்" என்றான் சோபாவிலிருந்து கணவன்.