விருந்தாளிகளுக்குக் கட்டிய காப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்னச் சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டியாக இருந்தேன். அந்தச் சமயத்தில்தான், பந்திங் பக்கம் அக்கா குடியிருந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தோட்டத்து மேனேஜர் எங்களிடம் ஒரு யோசனை சொன்னார். வெள்ளைக்காரர்கள் தோட்டம் பார்க்க வர ஆரம்பித்தால் முதலாளிகள் வீடுகளை அப்படியே விட்டுவிடுவார்களாம். முதல் வேனை நான்தான் கூட்டிப் போனேன். அக்கா வீடு என் வாய்ச் சாமர்த்தியத்தில்தான் நின்றது.

குலை வெட்டுவதைக் காட்டினேன். தலையாட்டினார்கள். குளத்துக் கொக்குகளைக் காட்டினேன். ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் குளத்தை நானே ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அன்று தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. பூசாரி உள்ளே பூஜையில் இருந்தார். வந்த விருந்தாளிகளை நிற்க வைத்துவிட்டு நாம் மட்டும் கட்டிக்கொள்வதா என்று அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தட்டிலிருந்த மஞ்சள் கயிறுகளை எடுத்து ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டிவிட்டாள். அப்போதுதான் அவர்கள் முகம் மலர்ந்தது. கொட்டாவி விட்டவர் கையை நீட்டி நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்.

வேன் கிளம்பும்போது பூசாரி ஓடி வந்து மறித்தார்.

"காப்புக் கட்டுனவங்க தீமிதி முடியிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது லா, தம்பி!"

"இவங்களுக்கு இன்னிக்கு ஃபிளைட் இருக்கு சாமி."

"அத கட்டுறதுக்கு முன்னுக்கே யோசிச்சிருக்கணும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். வழியனுப்ப வந்திருந்த மேனேஜர் கத்தரிக்கோலை நீட்டினார். பூசாரி கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். அறுத்தால் சாமி குற்றம், அறுக்காவிட்டால் வீடு போய்விடும். நான் சம்பளத்துக்கு வந்தவனா, இந்தத் தோட்டத்து ஆளா என்றே புரியாமல் நின்றேன். அக்கா வந்து கத்தரிக்கோலை வாங்கினாள்.

"மாரியம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்று ஒவ்வொன்றாக அறுத்தாள்.

போனவர்கள் தோட்டத்தையும் கொக்கையும் மறந்துவிட்டார்கள். எல்லாரும் மெச்சியது அந்தக் கயிற்றைத்தான். வாரா வாரம் கட்டி, கிளம்பும்போது அறுத்துவிடச் சொன்னார் மேனேஜர். அதை நான்தான் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப வீட்ட ஒடைக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கக்கா."

"அப்ப கட்டுறேன்."

வேன்கள் வந்தன. வீடும் நின்றது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத்தான் பிடிபடவில்லை.

மறு வருஷம் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அம்மன் முன்னால் பூசாரி வரிசையாகக் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். கோபமெல்லாம் ஆறிப்போயிருந்தது அவருக்கு. அக்கா முறை வந்ததும் அவராகவே கயிற்றை எடுத்தார். அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் சாமி. நான் வாரா வாரம் அறுக்குறவ."