லாட்ஜ் கம்ப்யூட்டரில் மூன்றாவது வட்டம்

சித்தப்பாவின் லாட்ஜில், மேனேஜர் மேஜைமேல் ஒரு பழைய டேபிள் ஃபேன் இருந்தது. அதன் அடியில் வெள்ளைப் பற்களைப் போல வரிசையாகப் பட்டன்கள். மூன்றாம் எண்ணை அழுத்தினால், அமுங்கியிருந்த ஒன்றாம் எண் 'டொக்'கென்று மேலே எழும்பிவிடும். இரண்டும் சேர்ந்து அமுங்கியிருக்க முடியாது. சின்ன வயதிலிருந்து அந்தக் காற்றை வாங்கிய எனக்கு, அன்று மேனேஜர் வேகத்தைக் கூட்டியபோதுதான் உறைத்தது: நான் எழுதிக்கொண்டிருந்த அறைப் பதிவு புரோகிராமுக்கு வேண்டியது இதுதான்.

இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. விஷுவல் பேசிக் கற்றுக்கொண்டு, காலேஜ் லீவில் கை சும்மா இருக்காமல், சித்தப்பா வாங்கிப்போட்டிருந்த கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தேன். அறை வகையை டைப் அடிக்க ஒரு கட்டம் வைத்திருந்தேன். மேனேஜர் ஒரு தடவை 'டபுள்' என்று அடிப்பார், ஒரு தடவை 'ரெண்டு பேர்' என்பார், அவசரத்தில் 'டப்' என்று நிறுத்திவிடுவார். புரோகிராமுக்கு அவை மூன்று வேறு அறைகள். கட்டத்துக்குப் பதில் ஆப்ஷன் பட்டன் போட்டேன். சிங்கிள், டபுள், ஃபேமிலி என்று மூன்று வட்டம். ஒன்றில் புள்ளி விழுந்தால் மற்றதில் மறைந்துவிடும்.

அறைக் கணக்கு எழுத மேனேஜருக்குக் கரும்பலகையும் சாக்பீஸும் போதும்.

"பாப்பா, பௌர்ணமி கூட்டத்துல இது ஒரு தடவ மக்கர் பண்ணா, துணி போட்டு மூடிடுவேன். அப்புறம் உங்க சித்தப்பா சொன்னாலும் எடுக்க மாட்டேன்" என்றார். சொன்னதைச் செய்கிற ஆள்.

பௌர்ணமிக்கு வருகிறவர்களிடம் எங்கள் ஊர் லாட்ஜில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எந்த அறை என்பது ஒன்று. மலை சுற்றி வந்து தங்குவார்களா, இல்லை குளித்துப் பையை வைக்க மட்டும் அறையா என்பது இன்னொன்று. அதற்காக 'தங்கல்', 'கிரிவலம்' என்று இரண்டு வட்டங்களைக் கீழே சேர்த்தேன். ஒத்திகையில் மேனேஜர் டபுளை அழுத்தினார். புள்ளி விழுந்தது. தங்கலை அழுத்தினார். டபுளில் இருந்த புள்ளியைக் காணோம்.

"ஏன் பாப்பா, டபுள் ரூம் எடுத்தவன் தங்கக் கூடாதா?"

"இருங்கண்ணே, பாக்கறேன்."

"சிங்கிள்காரனாவது தங்குவானா?" என்று அழுத்திப் பார்த்தார். அவனும் தங்கவில்லை.

ஐந்து வட்டமும் ஒரே கூட்டமாகிவிட்டிருந்தன. சுற்றிலும் ஃப்ரேம் என்கிற சட்டம் போட்டுப் பிரிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். ஒரு ஃப்ரேம் வரைந்து, கீழ் இரண்டு வட்டங்களையும் இழுத்துவந்து அதில் வைத்தேன். பார்க்க அடக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தன, ஆனால் புள்ளி பழையபடி ஓடியது. கடுப்பில் ஃப்ரேமைப் பிடித்து ஓரமாகத் தள்ளினேன். ஃப்ரேம் மட்டும் நகர்ந்தது. வட்டங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சிரித்துவிட்டேன். அவை ஃப்ரேமின் மேலே உட்கார்ந்திருந்தனவே தவிர, அதற்குச் சொந்தமாகவில்லை. இரண்டையும் வெட்டியெடுத்து ஃப்ரேமுக்குள் ஒட்டினேன். இப்போது ஃப்ரேமை இழுத்தால் கோழிக்குஞ்சு மாதிரி கூடவே வந்தன. டபுளிலும் புள்ளி நின்றது, தங்கலிலும் நின்றது.

பௌர்ணமியன்று மாலை வேலூர் பக்கமிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. மேனேஜர் ஃபேமிலியை அழுத்தினார். கேட்கும்போதே கிரிவலத்தையும் அழுத்திவிட்டார்.

"சுத்திட்டு உடனே கெளம்பறீங்களா, தங்கறீங்களா?"

"அத எப்படிங்க இப்பவே சொல்றது? சுத்திட்டு வந்து, கால் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு சொல்றோம்" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் அழுத்தியதையே மறுபடி அழுத்தினார். புள்ளி போகவில்லை. ஆப்ஷன் பட்டனில் விழுந்த புள்ளி, இன்னொன்றை அழுத்தினால்தான் போகும். அவர் சாக்பீஸை எடுத்தார். என் பார்வை மேஜைக்கடியில் மடித்து வைத்திருந்த துணிக்குப் போனது. அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

கூட்டம் மலைப் பக்கம் நகர்ந்தபோது பலகையில் பாதி அறைகள் இருந்தன, கம்ப்யூட்டரில் மீதி. மேனேஜர் துணியை எடுத்து உதறினார். கையிலிருந்த சாக்பீஸ் தூளை அதில் துடைத்துக்கொண்டார்.

"பாதி பாஸ் பாப்பா. அடுத்த பௌர்ணமி வரைக்கும் டயம். வந்து சொல்றவங்களுக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா துணிதான்."

அவர் எழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 'வந்து சொல்றோம்' என்று மூன்றாவது வட்டம் வேண்டும். வெளியே வரைந்து இழுத்து வராமல், முதலிலேயே ஃப்ரேமுக்குள் வரைய வேண்டும். அப்படிச் சொன்னவர்களின் அறைகளை மட்டும் மஞ்சளாகக் காட்ட முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஃபேனில் மூன்றை அழுத்தினேன்.